ஜாக்கியும் ஒன்பதும்: தென்கடற்கரையின் சீட்டாட்ட மரபு

ஜாக்கிக்கு முதலிடம், ஒன்பதுக்கு இரண்டாமிடம். அதற்குப் பிறகுதான் ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. இந்த வரிசையில் ஆடப்படும் சீட்டாட்டங்கள் கேரளத்தில் 28, 56 என்றும் இலங்கைத் தமிழரிடையே 304 என்றும் வங்காளத்திலும் நேபாளத்திலும் 29 என்றும் பெயர் பெற்றிருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் இவற்றுள் இரண்டு மரபுகளின் நடுவே அமைந்த ஊர். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் 28 ஆடும் பழைய திருவிதாங்கூர்ச் சீமை. கிழக்கே தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கடல் தாண்டினால் 304 ஆடும் இலங்கை. இரு திசைக்கும் வணிகத்தின் பொருட்டுப் போய்வந்த வட்டாரம் இது. ஆகவே இவ்விரு மரபுகளையும் சேர்த்துப் பார்ப்பது இங்கே பொருத்தமானது.

ஆட்டத்தின் பெயரே அதன் மொத்தப் புள்ளி. 28 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கு 28. 304 ஆட்டத்தில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. இனத்துக்கு 76 வீதம் நான்கு இனத்துக்கு 304. எட்டுக்கும் ஏழுக்கும் இரண்டிலும் புள்ளி இல்லை. கட்டிலிருந்து ஆறு முதல் இரண்டு வரையுள்ள சீட்டுகளை எடுத்துவிட்டு மீதி 32 சீட்டில் நால்வர், எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணியாக, வலப்புறமாகச் சுற்றி ஆடுகிறார்கள்.

இந்த ஆட்டங்களுக்கு முன்பே இந்தியாவில் சீட்டு உண்டு. வட்டச் சீட்டுகளால் ஆன கஞ்சிஃபாவைப் பாபர் 1527இல் சிந்துக்கு அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தாமே புதிய கஞ்சிஃபா வகைகளை வகுத்தார். ஆனால் ஜாக்கி–ஒன்பது ஆட்டங்கள் அந்த வழியில் வந்தவை அல்ல. ஐரோப்பாவின் யாஸ், கிளாவர்யாஸ் ஆகிய ஆட்டங்களிலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் தலைமைச் சீட்டுகள். ஆஸுக்கு 11, பத்துக்கு 10 என்ற மதிப்பும் அங்கே அப்படியே இருக்கிறது. டச்சுக்காரர்களே இக்குடும்பத்தை இங்கே கொண்டுவந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். நேரடி ஆவணச் சான்றைவிடச் சூழல்தான் இந்தக் கருத்துக்கு வலுவூட்டுகிறது. டச்சுக்காரர்கள் கொழும்பை 1656இலும் தூத்துக்குடியை 1658இலும் கொச்சியை 1663இலும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். வங்காளத்தில் அவர்களுக்குச் சின்சுராவில் பண்டகசாலை இருந்தது. இந்த ஆட்டங்கள் வேரூன்றிய இலங்கை, கேரளம், வங்காளம் மூன்றும் அந்த வரைபடத்தோடு ஒத்துப்போகின்றன. சிங்களத்தில் நான்கு இனங்களுக்கும் வழங்கும் கலாபர, ஹாரத, ருயித, இஸ்கோப்ப என்பவை டச்சுப் பெயர்களின் திரிபு. தமிழகத்துக் கிளாவரும் அவ்வழியே வந்ததாகத் தோன்றுகிறது. துருப்புக்கு மட்டும் இருந்த இந்த வரிசையை எல்லா இனத்துக்கும் விரித்ததே இந்த மண் செய்த பெரிய மாற்றம். அதனால் ஒவ்வோர் இனத்திலும் ஜாக்கி தலையாய சீட்டாயிற்று.

மரபுகளைப் பிரிப்பது புள்ளிக் கணக்கு மட்டுமல்ல. துருப்பு எவ்வளவு நேரம் மறைந்திருக்கிறது, கூட்டாளிக்கு எவ்வளவு தெரியலாம் என்ற இரண்டிலும்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படுகிறது.

28 ஆட்டத்தில் முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அதைப் பார்த்தே கேள்வி, அதாவது எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலம், தொடங்கும். குறைந்த கேள்வி பெரும்பாலும் 14. அதிகம் கேட்டவர் தம் துருப்பு இனத்துச் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி நான்கு சீட்டு. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் துருப்பைக் காட்டும்படி கேட்கலாம். அந்தக் கணமே அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கேட்டவரிடம் துருப்பு இருந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது பல களங்களின் விதி. 29 இதன் நெருங்கிய உறவு. ஒரு சுற்றில் விழுந்த சீட்டுகளை வெல்வது பிடி; கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி கூட்டியதால் அந்தப் பெயர். துருப்பு இனத்து ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருந்தால் கேள்வியில் நான்கு கூடும் அல்லது குறையும். ஒதுக்கிய சீட்டுகளும் அங்கே வீணாவதில்லை: இரண்டு முதல் ஐந்து வரையுள்ளவை துருப்பைக் குறிக்கவும், ஆறுகள் வெற்றி தோல்வி எண்ணவும் பயன்படுகின்றன.

304 ஆட்டம் இன்னும் நுட்பமானது. இக்குடும்பத்தில் மிக முதிர்ந்த வடிவம் என்று அதைச் சொல்லலாம். மொத்தத்தில் பாதி 152 என்பதால் குறைந்த கேள்வி 160; பத்துப் பத்தாக ஏறும். தன் முறை வரும்போது, கேள்வியைக் கூட்டாளி கேட்கட்டும் என்று ஒப்படைக்கவும் வழி உண்டு. எட்டுச் சீட்டும் கைக்கு வந்த பின் 250க்குக் குறையாமல் மறுபடி கேட்கலாம். துருப்பு மூடியிருக்கும்போது, இறக்கிய இனம் இல்லாதவர் எந்தச் சீட்டையும் கவிழ்த்தே போடுகிறார். அது துருப்பால் வெட்டியதா, வெறும் கழிவா என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பிடி முடிந்ததும் துருப்பு வைத்தவர் மட்டும் அதை எடுத்துப் பார்ப்பார். துருப்பானால் திருப்பிக் காட்டி, தம் துருப்பையும் திறக்க வேண்டும். இல்லையானால் அது கவிழ்ந்தபடியே குவியலில் சேரும். இதனால் கேள்வி கேட்டவர் சில சீட்டுகளை அறிந்திருப்பார், அவற்றைப் போட்டவர் தவிர மற்றவர்கள் அறியமாட்டார்கள். வென்ற கணக்குக்குக் கற்கள் கைமாறும். வென்றால் கிடைப்பதைவிடத் தோற்றால் கொடுப்பது ஒரு கல் அதிகம். துணிச்சலுக்கு இது சரியான கடிவாளம்.

56 ஆட்டம் வேறு திசையில் போனது. ஆறு பேர், அணிக்கு மூவர், இரண்டு கட்டிலிருந்து ஒன்பதுக்குக் குறைந்தவற்றையும் நீக்கிய 48 சீட்டுகள். எட்டுச் சீட்டையும் பார்த்த பின்பே கேள்வி. எண்ணை முன்னே சொல்வதா இனத்தை முன்னே சொல்வதா என்பதற்கும் பொருள் உண்டு. கேள்வியின் வழியே கூட்டாளிகள் கையிருப்பை உணர்த்திக்கொள்கிறார்கள். ஒரே சீட்டு இரண்டு விழுந்தால் முதலில் விழுந்ததே வெல்லும். வட அமெரிக்க மலையாளிகள் இதற்குப் பெரிய போட்டிகள் நடத்துகிறார்கள். இலங்கையின் ஓமியும் 32 சீட்டு, நால்வர் ஆட்டமே. ஆனால் அதில் ஆஸ்தான் உயர்ந்தது. பிள்ளைகள் 304க்கு வருமுன் பிடியும் துருப்பும் பழக நல்ல வாசல் அது.

ஆட்ட நுட்பத்தில் முதற்படி, புள்ளியையும் பலத்தையும் பிரித்தறிவது. முதல் நான்கு சீட்டாக ஒருவர் கையில் ஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஏழு, ஆட்டினில் ஆஸ். 304 கணக்கில் இந்த நான்குக்கும் 61 புள்ளி. இன்னொருவர் கையில் நான்கு இனத்திலும் ஒவ்வொன்றாக இரண்டு ஜாக்கி, ஓர் ஆஸ், ஒரு பத்து, 81 புள்ளி. புதியவர் இரண்டாவது கையில் கேள்வி கேட்பார். தேர்ந்தவருக்கு முதலாவதுதான் கேட்கத்தக்க கை. மூன்று துருப்பும் அதில் இரண்டு உச்சமும் இருப்பதால், பிடிகளைத் தன் விருப்பப்படி திருப்ப அதனால் முடியும். இரண்டாவது கை கூட்டாளி கேட்கும்போது துணைநிற்க உகந்தது.

அடுத்தது எண்ணிக்கை. ஓர் இனத்தில் எட்டே சீட்டு. எட்டுச் சீட்டும் வந்த பின், துருப்பல்லாத ஓர் இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும் மட்டும் ஒருவர் கையில் இருந்தால், மீதி ஆறும் மூவரிடம் பிரிந்திருக்கும். வேறெதுவும் தெரியாத நிலையில் எதிரணியார் இருவரிடமும் அந்த இனம் இருக்க, ஜாக்கி வெட்டுப்படாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 88. அடுத்து ஒன்பதையும் இறக்கி இரண்டு சுற்றும் வெட்டின்றிக் கடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40தான். அதே இனத்தில் மூன்றாவது சீட்டும் கையில் இருந்தால் அவை முறையே 80, 22 என இறங்கும். நீளமான இனத்தில் உயர்ந்த சீட்டு அதிகம் என்று மகிழ்வது இந்த ஆட்டத்தில் தவறு. துருப்பல்லாத இனம் நீள நீள ஆபத்து. ஜாக்கியை முதலிலேயே இறக்கிவிட வேண்டும், ஒன்பதைத் துருப்பு தீரும்வரை வைத்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

மூன்றாவது, புள்ளி ஏற்றுதல். கூட்டாளியின் ஜாக்கி பிடியை வெல்வது உறுதியானால், அதே இனத்து ஆஸையோ பத்தையோ அதில் போட்டுக் கரையேற்ற வேண்டும். 304 ஆட்டத்தில் தனிப் பத்துக்கு 10 புள்ளி உண்டு, ஆனால் அதை வெல்ல மூன்று சீட்டுகள் இருக்கின்றன. அதைச் சேர்க்க வேறு வழி அரிது. எதிரணியின் கடமை இதற்கு நேர்மாறானது: கேள்வி கேட்டவரை உயர்ந்த துருப்புகளை வீணாகச் செலவிடச் செய்வது, புள்ளியற்ற ஏழு, எட்டுகளை அவர் பிடியில் தள்ளுவது.

ஆட்டத்தின் தரம் களத்தின் அமைதியில் தெரியும். 28, 304 இரண்டிலும் கூட்டாளிக்குக் கண், கை, பேச்சு, சீட்டைப் போடும் வேகம் எதனாலும் குறிப்புக் கொடுக்கக் கூடாது. 56 ஆட்டத்தில் கேள்விக் குறிப்பு அனுமதிக்கப்பட்டிருப்பது அது எல்லோர் காதுக்கும் எட்டுவதால்தான். இனம் இருந்தும் மாற்றிப் போட்டவர் அணி அந்த ஆட்டத்தை இழக்கும். 304 மரபில் எட்டுப் பிடியும் தம் அணிக்கே என்று உறுதியானதும் அறிவித்துவிட வேண்டும். உறுதியாகுமுன் அறிவிப்பதும், உறுதியான பின்னும் அறிவிக்காமல் இருப்பதும் குற்றம். எதிராளியின் நேரத்தை மதிக்கும் இந்த விதி வேறு பல சீட்டாட்டங்களில் காணாத உயர்வு.

இவை பணத்தை நம்பி வளர்ந்த ஆட்டங்கள் அல்ல. ரம்மி திறமை ஆட்டமே என்று 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இருந்தாலும் அதைச் சுற்றிய பந்தய வழக்குகள் இன்றும் ஓயவில்லை. 304 ஆட்டத்தில் கைமாறுபவை கற்கள் மட்டுமே. கேரளத்தில் தோற்ற அணியினர் காதில் குணுக்கு என்னும் தொங்கணியை மாட்டிக்கொண்டு ஆட வேண்டும்; அடுத்த ஆட்டத்தில் வென்றுதான் அதைக் கழற்ற முடியும்.

விதிகள் பெரும்பாலும் வாய்வழியே வந்தவை என்பதால் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே அந்நியர் இருவர் ஒரே களத்தில் அமரும்போது, குறைந்த கேள்வி எவ்வளவு, இரண்டாம் கேள்வி உண்டா, துருப்பைக் கேட்டவர் வெட்டியே தீர வேண்டுமா, ராஜா–ராணிச் சோடிக்கு மதிப்பு உண்டா, மோசமான கை வந்தால் மறுபடி பிரிக்கலாமா என்ற ஐந்தையும் சீட்டைக் கலைக்குமுன் பேசி முடித்துக்கொள்வது வழக்கம்.