தேயிலைக் காசில் எடுத்த பாட்டு

பெசில் ரைட் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்த 'சோங் ஒஃப் சிலோன்' 1934இல் உருவானது. அடுத்த ஆண்டே பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ஆவணப்பட வரலாறு எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போவதில்லை. பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. பெயரிலேயே பாட்டு இருக்கிறது, செலவெல்லாம் தேயிலைக் காசு. அப்படியானால் அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களின் பாட்டு படத்தில் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்தக் கேள்வி இலங்கையின் தேயிலை மலையகத்துக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காட்டிலும் ஆற்றங்கரை மண்வேலையிலும் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த புளூஸ் இசையைப் பற்றி எத்தனையோ ஆவணப்படங்கள் வந்துவிட்டன. ஒரு பயிருக்காக உழைக்க வைக்கப்பட்ட மக்கள் தமக்கென்று வைத்திருந்த பாட்டு என்ற வகையில் புளூஸும் மலையகப் பாட்டும் உறவுக்காரர்களே. ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். பாட்டு போதிய நேரம் ஒலிக்கிறதா? அது எந்த வேலைக்கும் எந்தச் சடங்குக்கும் உரியதோ அதுவும் கூடவே தெரிகிறதா? பாடியவர் தன்னைப் பற்றித் தானே பேசுகிறாரா? நான் இந்த மூன்றையும்தான் கேட்கிறேன்.

ரைட்டின் படம் நான்கு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதியில் யாத்திரிகர்கள் சிவனொளிபாத மலை ஏறுகிறார்கள். அட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாக அங்கே போகிறவர்கள் தேயிலை மலைகளுக்கு நடுவேதான் போகவேண்டும். ஆனால் தோட்டம் தலைகாட்டுவது 'வணிகத்தின் குரல்கள்' என்ற மூன்றாம் பகுதியில். அங்கே கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்க்கிறோம். காதில் விழுவதோ சந்தை விலை, கப்பல் செய்தி, வணிகக் கடிதத்தின் வாசகம். கடைசிப் பகுதியில் கண்டி நடனத்துக்கும் அதன் முழவுக்கும் தாராளமாக நேரம் கிடைக்கிறது. கொழுந்துக்காரிக்கு விரல்கள் உண்டு, கூடை உண்டு. குரல் மட்டும் இல்லை.

படத்தின் பக்கம் நின்று பேசுவோர் இரண்டு காரணம் சொல்லலாம். உழைப்பு மலையில் நடக்க, விலை கடலுக்கு அப்பால் தீர்மானமாகிறது என்பதைக் காட்டத்தான் அந்தக் குரல்கள் என்பது ஒன்று. அதை ஒப்புக்கொள்கிறேன். தேயிலைச் சபையின் பணத்தில் வணிகத்தை இப்படி நிறுத்துக் காட்டியது துணிச்சல்தான். ஆனால் சுரண்டலைச் சுட்டிக்காட்டுவது வேறு, சுரண்டப்பட்டவரைப் பேச விடுவது வேறு. ரைட் முதலாவதைச் செய்தார், இரண்டாவதைச் செய்யவில்லை.

படம் எடுத்த இடத்திலேயே ஒலியையும் சேர்த்துப் பதிவது அந்நாளில் கடினம் என்பது மற்றக் காரணம். உண்மைதான், ஒலித்தடம் லண்டனில், இசையமைப்பாளர் வோல்டர் லீயின் துணையோடு உருவானது. ஆனால் வர்ணனை வாசிக்கக் கொழும்பிலிருந்து லயனல் வென்ட் லண்டன் போனாரே! தேவைப்பட்ட குரலுக்கு வழி கிடைத்தது. அவர் வாசித்தது ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலை. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஓர் ஆங்கிலேயரின் வருணனை அது. கோப்பித் தோட்டத்துக்கு நம் மக்கள் வந்தது 1820களுக்குப் பிறகுதான். அவர்கள் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர் எழுதிய வார்த்தைகளைப் படத்தின் குரலாக்கினால் அதில் அவர்களுக்கு இடம் இருக்க முடியாது. காலத்தைக் கடந்த இலங்கை ஒன்றைத் தேடியவருக்கு, வரலாறு கொண்டுவந்து சேர்த்த மக்கள் வெறும் பின்னணியானார்கள்.

பாட்டுக்கு அன்று பஞ்சமும் இல்லை. 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டத்து மக்களின் நிலையைப் பாட்டாக்கித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் இருந்தன. கங்காணியை அவர் இல்லாதபோது கேலி செய்யும் பாட்டும் இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர் மறைந்த பின், 1987இல் சென்னையில் அச்சாகியது. அந்த நூல் சொல்லைக் காப்பாற்றியது. மெட்டையும் மூச்சையும் காப்பாற்றுவது அச்சால் ஆகாது; அதற்குத்தான் படம் வேண்டும்.

படத்தால் அது முடியும் என்பதற்குப் புளூஸ் சாட்சி. லெஸ் பிளாங்க், புளூஸ் பாடகர் லைட்னின் ஹொப்கின்ஸைப் பற்றி எடுத்த குறும்படத்தில் விளக்கவுரையாளர் குறுக்கே வருவதில்லை. டெக்சஸில் அவருடைய ஊர், மக்கள், பேச்சு, கிட்டார் என்று படம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறது. என் மூன்று கேள்விக்கும் அதில் பதில் உண்டு. அலன் லோமக்ஸ் குழுவினரின் 'புளூஸ் பிறந்த மண்' 1979இல் வந்தது. தண்டவாளத்தை நெம்பி நகர்த்தும் தொழிலாளரின் பாட்டு எப்படி அந்த வேலைக்கே தாளமாகிறது என்பதை மிசிசிப்பியில் கண்முன் காட்டியது. ஆனால் லோமக்ஸின் சொந்த விளக்கம் அதில் அளவுக்கு மீறி ஒலிக்கிறது. 2003இல் மார்ட்டின் ஸ்கோர்செசி மேற்பார்வையில் ஏழு படங்கள் வந்தன. அவற்றுள் விம் வென்டர்ஸ் எடுத்தது பழைய பாடகர்களை நடிகர்களைக் கொண்டு காட்டி, அவர்களுடைய பாட்டுகளை இன்றைய நட்சத்திரங்களைப் பாடவைத்தது. அன்பில் குறையில்லை. ஆனாலும் மூலக்குரல் ஓங்கும் நேரத்தில் வேறொரு குரல் நுழைவதால், பாட்டைக் காட்டிலும் பாட்டின் மீதான பக்திதான் மிஞ்சுகிறது.

இனி மலையகத்துக்கு வருவோம். காமன் கூத்துக்காக, மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுகிறார்கள். கூத்தன்று, தப்பு என்னும் பறையை அடிக்கும் தப்புக்காரர்கள் நெருப்பு மூட்டி அதன் தோலைக் காய்ச்சுகிறார்கள். விரலால் தட்டிப் பார்த்து, ஓசை இறுகியதும் எழுகிறார்கள். ரதி மன்மதனுக்கு ஓர் அடி, வீரபத்திரனுக்கு வேறோர் அடி. ரதியாக வேடம் கட்டுபவர் ஓர் ஆண், பலருக்கு அது நேர்த்திக்கடன். மன்மதன் எரிந்த பின் ரதி புலம்பும்போது கூட்டத்தில் தாலியிழந்த பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். இதில் தீ எரிவதையும் முகப்பூச்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு போவது எளிது. அப்படி எடுத்தால், விடியும்வரை நீளும் தாளத்தின் வளர்ச்சி விடுபடும். சாவு வீட்டில் அடிப்பதற்காகத் தாழ்த்தப்பட்ட தப்புக்காரர் கூத்தன்று மட்டும் நடுவிடம் பெறுவதன் பொருளும் விடுபடும். சாதியைச் சொல்லாத தப்புப் படம், நிறவெறியைச் சொல்லாத புளூஸ் படத்தைப் போன்றதே.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆவணப்படத்தால் உழைப்பாளரின் பாட்டுக்கு நீதி செய்ய முடியும். லெஸ் பிளாங்க் செய்து காட்டியிருக்கிறார். ஆனால் அழகான படம் நீதியான படமாகிவிடாது. 'சோங் ஒஃப் சிலோன்' திரைக்கலையில் பெரும் சாதனை. மலையகத் தொழிலாளரைப் பொறுத்தவரை அநீதி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. அதைப் பாடமாக வைக்கிற திரைப்படக் கல்லூரிகளும் இந்த இரண்டாம் பாதியைச் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

இன்று ஒலிப்பதிவு கையடக்கமாகிவிட்டது. ரைட்டுக்கு இருந்த தடை எவருக்கும் இல்லை. இனி மலைக்குப் படமெடுக்க வருகிறவர் ஓர் ஒப்பாரியை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை வெட்டாமல் வைக்கட்டும். பாடியவரின் பெயரைப் படத்தின் தொடக்கத்திலேயே போடட்டும். பாட்டின் பொருளை அவர் வாயாலேயே சொல்ல வைக்கட்டும். இம்மூன்றும் இல்லாத படத்தை, எத்தனை பரிசு வாங்கியிருந்தாலும், மலையகத்தின் பாட்டு என்று நாம் ஏற்கக்கூடாது.