ஒரு வண்ணப் புள்ளி எழுப்பிய வினா

1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதி. முதல் உலகப் போர் தொடங்கி இரு திங்கள் ஆகியிருந்தது. ஆஸ்திரியப் படையில் தாமே முன்வந்து சேர்ந்திருந்த 25 வயது இளைஞர் ஒருவர், தம் குறிப்பேட்டில் ஒரு செய்தியை எழுதிவைத்தார். பாரிஸ் நகர நீதிமன்றத்தில் மோட்டார் விபத்து ஒன்றைப் பொம்மைகளைக் கொண்டு விளக்கும் முறை பற்றியது அக்குறிப்பு. ஒரு பொம்மை வண்டி உண்மையான வண்டிக்கு ஈடாக நிற்கிறது. ஒரு பொம்மை மனிதன் அடிபட்டவருக்கு ஈடாக நிற்கிறான். பொம்மைகளை எவ்வாறு அடுக்குகிறோமோ, அவ்வாறே விபத்து நடந்தது என்று சொல்கிறோம்.

அந்த இளைஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன். 'ஒரு வாக்கியம் உலகத்தைப் பற்றி எப்படிப் பேச முடிகிறது?' என்ற வினாவுக்கு இதிலே அவர் விடை கண்டார். சொற்கள் பொருள்களுக்கு ஈடாக நிற்கின்றன. சொற்கள் இணைந்துள்ள முறை, பொருள்கள் இணைந்துள்ள முறையைக் காட்டுகிறது. எனவே வாக்கியம் என்பது உலகின் ஒரு படம். படம் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். தவறான படத்துக்கும் பொருள் உண்டு. அது சரியானால் உலகம் எப்படி இருக்கும் என்பதை நாம் அறிவோம் அல்லவா?

இக்கருத்தின்மேல் அவர் எழுப்பிய நூல்தான் 'டிராக்டேடஸ் லாஜிகோ-பிலசாபிகஸ்'. வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு நடத்திவந்த ஜெர்மன் இதழில் இது 1921-இல் முதன்முதலாக வெளிவந்தது. 1922-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன், பெர்ட்ரண்டு ரசலின் முன்னுரையோடு லண்டனில் நூலாயிற்று. மொழி, தருக்கம், உலகம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவர முயன்ற இந்நூலை, ஒரு சிறு சோதனைக்கு உட்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் கட்டடம்

உலகம் எளிய உண்மை நிலைகளால் ஆனது. அவற்றைச் சொல்பவை அடிப்படை வாக்கியங்கள். இவை ஒன்றையொன்று சாராதவை. ஒன்று மெய் என்பதிலிருந்து மற்றொன்று மெய்யா பொய்யா என்று அறிய முடியாது. ஏனைய வாக்கியங்கள் யாவும் 'இல்லை', 'மற்றும்', 'அல்லது' போன்ற இணைப்புகளால் இவற்றிலிருந்து அமைபவை. இதுவே நூலின் அடித்தளம்.

அடிப்படை வாக்கியங்கள் எவை என்பதை இப்போதைக்கு விட்டுவிட்டு, 'கதவு மூடியிருக்கிறது', 'விளக்கு எரிகிறது' என்னும் இரண்டை எளிய எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நான்கு நிலைகள் உண்டு:

1. முதலாவது மெய், இரண்டாவது மெய்.
2. முதலாவது மெய், இரண்டாவது பொய்.
3. முதலாவது பொய், இரண்டாவது மெய்.
4. முதலாவது பொய், இரண்டாவது பொய்.

'கதவு மூடியிருக்கிறது, விளக்கும் எரிகிறது' என்னும் கூட்டு வாக்கியம் முதல் வரியில் மட்டுமே மெய்யாகும். 'விளக்கு எரிகிறது, அல்லது எரியவில்லை' என்பதோ எல்லா வரிகளிலும் மெய். ஆனால் அதைக் கேட்டு, அறையில் விளக்கு எரிகிறதா என்று யாராலும் அறிய முடியாது. தருக்க உண்மைகள் யாவும் இத்தகையவையே. அவை உலகைப் பற்றி எந்தச் செய்தியும் தருவதில்லை என்றார் விட்கென்ஸ்டைன். இது இந்நூலின் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. இன்று தருக்கம் பயிலும் மாணவர்கள் முதலில் கற்பது இந்த மெய்ம்மை அட்டவணையைத்தான்.

இதோடு அவர் நிற்கவில்லை. 'இப்படித்தான் இருந்தாக வேண்டும்', 'இப்படி இருக்கவே முடியாது' என்று நாம் சொல்வதெல்லாம் தருக்கத்தால் மட்டுமே வருவது. வேறுவகைக் கட்டாயம் உலகில் இல்லை என்றும் சொன்னார். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

புள்ளி சிவப்பா, நீலமா?

ஒரு தாளில் உள்ள புள்ளியை எடுத்துக்கொள்வோம். 'இது முழுதும் சிவப்பு' என்பது ஒரு வாக்கியம். 'இது முழுதும் நீலம்' என்பது மற்றொன்று. நமது நான்கு வரிகளைத் திரும்பப் பாருங்கள். இரண்டும் மெய்யாகும் முதல் வரி இங்கு இருக்கவே முடியாது! ஒரே புள்ளி ஒரே நேரத்தில் முழுதும் சிவப்பாகவும் முழுதும் நீலமாகவும் இராது. ஆனால் அட்டவணையோ அந்த வரியை இயல்பாக எழுதிக் காட்டுகிறது. அதை அடித்தது எது? 'இல்லை', 'மற்றும்', 'அல்லது' ஆகியவற்றில் எதுவும் அடிக்கவில்லை.

விட்கென்ஸ்டைன் இதைக் கவனியாமல் இல்லை. வண்ணச் சொற்கள் அடிப்படையானவை அல்ல. இயற்பியல் வழியே பகுத்தால் உள்ளே மறைந்துள்ள முரண்பாடு வெளிப்படும் என்று எழுதினார். ஒரு துகள் ஒரே கணத்தில் இரு வேகங்களோடு செல்ல முடியாது, இரு இடங்களில் இருக்க முடியாது என்பதுபோன்றதே இதுவும் என்றார்.

இந்த விடையை மறித்தவர் பிராங்க் ராம்சே என்னும் கேம்பிரிட்ஜ் இளைஞர். நூலை ஆங்கிலமாக்குவதில் பங்கு கொண்டவர். 1923-இல் 'மைண்ட்' என்னும் தத்துவ இதழில் அவர் எழுதிய மதிப்புரை வெளிவந்தபோது அவருக்கு வயது 20. ஒரு துகள் இரு இடங்களில் இராது என்பது மட்டும் தருக்கத்தால் வந்ததா என்பதே அவர் ஐயம். அது இடம், காலம், பருப்பொருள் ஆகியவற்றின் இயல்பு அல்லவா? ஆகவே வண்ணத்தில் இருந்த சிக்கல் இடத்துக்கும் காலத்துக்கும் மாற்றப்பட்டதே தவிரத் தீரவில்லை. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கிய கதைதான்!

இது ஏதோ ஒரு மொழியின் இலக்கணத்தால் விளைந்த குழப்பமும் அன்று. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'இருத்தல்' வினை ஒன்றே பல வேலைகளைச் செய்து மயக்கம் தருகிறது என்பதை இந்நூலே சுட்டுகிறது. தமிழில் 'இவர் மருத்துவர்' என்பதில் அத்தகைய வினையே இல்லை; அந்த மயக்கமும் நமக்கு இல்லை. ஆனால் சிவப்பும் நீலமும் எம்மொழியில் சொன்னாலும் மோதவே செய்கின்றன.

அளவுகோல் தரும் பாடம்

வண்ணம் மட்டுமா? வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்றால் 40 அன்று. கோலின் நீளம் 3 மீட்டர் என்றால் 2 மீட்டர் அன்று. மூன்று மீட்டரை 'ஒரு மீட்டர், ஒரு மீட்டர், ஒரு மீட்டர்' என்று பகுத்துவிடலாமே என்பீர்கள். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொன்னாலும் ஒரு முறை சொன்னதற்கே சமம். முதல் மீட்டர், இரண்டாம் மீட்டர் என்று எண்ணிட்டால், இரண்டாவது உண்டு என்றதும் முதலாவதும் இருந்தாக வேண்டும். ஒன்றையொன்று சாராமை போய்விடுகிறது. அறிவியலின் உயிர்நாடியாகிய அளவீட்டிலேயே இக்கொள்கை தடுக்கி விழுகிறது.

1929-இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய விட்கென்ஸ்டைன், அவ்வாண்டு வெளியான ஒரு கட்டுரையில் அடிப்படை வாக்கியங்களும் ஒன்றையொன்று விலக்கக்கூடும் என ஒப்புக்கொண்டார். அட்டவணையின் முதல் வரி இத்தகைய இடங்களில் நீங்க வேண்டும் என்றார். ஒரு பொருளின்மீது நாம் வைப்பது தனி ஒரு கோட்டை அன்று, அளவுகோல் முழுவதையும் என்பது விரைவில் அவர் கருத்தாயிற்று.

நமது மதிப்பீடு

படக்கொள்கை வீண் என்று நாம் சொல்லவில்லை. நிலப்படம், மின்சுற்றுப் படம் ஆகியவை எவ்வாறு செய்தி தருகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம். குறை வேறிடத்தில் உள்ளது. அடிப்படை வாக்கியங்கள் இருந்தே தீர வேண்டும் என்று சொன்ன நூல், அவற்றுள் ஒன்றையேனும் எடுத்துக்காட்டவில்லை. 1789-இல் லவாசியே 33 தனிமங்களின் பட்டியலை வெளியிட்டார். ஒளியும் வெப்பமும்கூட அதில் இடம்பெற்றிருந்தன! ஆயினும் பட்டியல் கண்முன் இருந்ததால் பின்வந்தோர் அதைத் திருத்த முடிந்தது. டிராக்டேடஸில் திருத்துவதற்குப் பட்டியலே இல்லை. உலகைப் பாராமல், 'உலகம் இப்படி இருந்தாக வேண்டும்' என்று தருக்கத்திடம் கேட்டுப் பெற்ற விடை அது.

விட்கென்ஸ்டைன் 1951-இல் காலமானார். அவருடைய இரண்டாவது பெருநூல் 1953-இல் வெளிவந்தது. முதல் நூலில் கடுமையான பிழைகள் இருந்ததை அதன் முன்னுரையில் ஒப்புக்கொண்டு, அவற்றை உணரத் துணைசெய்தவர்களில் ஒருவராக ராம்சேயை நன்றியோடு குறிப்பிடுகிறார். ராம்சே 1930-இல், 26 வயதிலேயே மறைந்துவிட்டார். அந்த நன்றியை அவர் படிக்கவில்லை.

பெரிய கோட்பாடு ஒன்றைப் படிக்கும்போது மாணவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நமக்கு நன்கு தெரிந்த மிகச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்று அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்தாலே போதும். ராம்சே செய்தது அவ்வளவுதான்.