திரைக்குப் பின்னால் ஒலித்த குரல்: பிறிற்ஸ் லாங்கின் மபூசே படம் பற்றிய ஒரு மதிப்பீடு

ஜேர்மன் நெறியாளர் பிறிற்ஸ் லாங்கின் ‘டொக்டர் மபூசேயின் மரணசாசனம்’ (1933) குற்றக்கதைத் திரைப்படமாக உருவானது. ஆயினும் நாசிச எதிர்ப்புப் படமென்றே பெரிதும் போற்றப்படுகிறது. இப்போற்றுதலுக்குப் படத்தினுள்ளே ஆதாரம் உண்டா என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

மபூசே என்னும் பாத்திரம் நோர்பேர்ட் ஜாக்கின் நாவலிற் பிறந்தது. 1922 இல் லாங் அதனை இரு பாகங்கொண்ட மௌனப்படமாக்கினார். போரிலே தோற்று, நாணயம் பெறுமதியிழந்து கொண்டிருந்த நாட்டிற் பங்குச்சந்தையையும் சூதாட்ட மண்டபங்களையும் ஆட்டிப்படைக்கும் மபூசே, இறுதியிற் சித்தம் கலங்குகிறான். 1933 ஆம் ஆண்டுப் படத்தில் அவன் மனநோய் வைத்தியசாலையில் இருந்தவாறு குற்றத்திட்டங்களை ஓயாது எழுதுகிறான். அவனது பிடிக்குள் அகப்பட்ட பேராசிரியர் பௌம் அவற்றை நிறைவேற்றுகிறார். இங்கு குற்றத்தின் நோக்கம் பொருளீட்டலன்று. மக்களை அச்சத்தில் ஆழ்த்திக் குற்றத்தின் ஆட்சியை நிறுவுதலேயாகும்.

நாசி அரசு 1933 மார்ச்சில் இப்படத்தைத் தடைசெய்தது. அடுத்த மாதம் புடாபெஸ்டில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது; ஜேர்மன் மக்கள் 1951 வரை காத்திருக்க நேர்ந்தது. நாசிகளின் சுலோகங்களையே குற்றவாளிகளின் வாயில் வைத்ததாக லாங் கூறியது 1943 இல், அமெரிக்காவில், போர்க்காலத்திலாகும். மேலும், திரைக்கதையை எழுதிய அவரது மனைவி தேயா பொன் ஹார்பூ ஜேர்மனியிலேயே தங்கி, நாசி ஆட்சியின் கீழும் திரைத்துறையிற் பணியாற்றினார். எனவே, படைப்பாளியின் பிற்கால வாக்குமூலத்தைப் படைப்பின் பொருளாகக் கொள்ளல் பொருந்தாது.

படமோ அவ்வாக்குமூலத்திலும் ஆழமானதொன்றைக் கூறுகிறது. கூட்டத்தினர் ஓர் அறையிற் கூடுவர். திரைக்குப் பின்னாலிருந்து தலைவனின் குரல் கட்டளையிடும். அவர்களுள் ஒருவனாகிய கென்ற் திரையை விலக்கியபோது காண்பது ஒரு மரப்பலகை உருவமும் ஒலிபெருக்கியுமே. தலைவன் அங்கு இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. பணிவோர் இருக்கும்வரை குரல் ஒன்றே போதும். மபூசே இறந்த பின்னரும் கட்டளைகள் ஓயாமை இதனை உறுதிப்படுத்துகிறது. அப்போது புதிதாயிருந்த பேசும்படத்தின் ஒலியைக் கொண்டே அதிகாரத்தின் இயல்பை லாங் புலப்படுத்துகிறார்.

ஆயினும் படத்தின் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. கென்ற் சிறைமீண்டவன், வேலை கிடையாமையாலேயே இக்கூட்டத்திற் சேர்ந்தவன். அக்காலத்து ஜேர்மனியில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 இலட்சம். கீழ்ப்படிவின் சமூகக் காரணத்தைத் தொட்ட படம், உடனே அதனைக் கைவிட்டு, பௌமின் வீழ்ச்சியை வசியத்தால் விளக்குகிறது. வசியத்துக்கு உட்பட்டவன் பொறுப்பாளியல்லன். கற்றறிந்த ஒரு பேராசிரியர் கொடுமைக்கு ஏன் இசைந்தார் என்ற வினா, இதனால் எழுப்பப்படாமலே மறைகிறது. சட்டத்தின் வெற்றியிலும் தீயவனின் கவர்ச்சியே மேலோங்குகிறதெனச் சீக்பிறீட் கிறக்கவர் கண்ட குறையும் இதனோடு தொடர்புடையதே.

இறுதியிற் பித்தரான பௌம், மபூசேயின் தாள்களைக் கிழித்துக் கொண்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் லோமன் இங்கு பொலிசுக்கு வேலையில்லையென அகல்கிறார். குற்றவாளியைக் கண்டுபிடித்தல் அவரது கடமை, அது முடிந்தது. அக்குரலுக்குப் பணிந்தவர்கள் ஏன் பணிந்தனர் என்பதைக் கண்டறிதல் பார்வையாளரின் கடமையாக எஞ்சுகிறது. நெறியாளரின் விளக்கத்தை முழுவிடையாக ஏற்பவர் அக்கடமையைத் தட்டிக்கழிப்பவராவர்.