ஓதத்துக்கு ஒரு மெஷின்: ஸ்ரீரங்கத்தில் எடுபடுமா?

சித்திரை வீதியில் இருக்கும் அத்தை வீட்டுச் சுவர் மறுபடி ஓதம் காத்துவிட்டது. தரையிலிருந்து மூணு அடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, கை வைத்தால் மாவு மாதிரி உதிர்கிறது. அத்திம்பேருக்கு ஆஸ்துமா. "வீடு முழுக்க ஈரத்தை இழுத்துடுமாம் அந்த மெஷின். ஒண்ணேகால் லட்சம் சொல்றான், வாங்கிடலாமாடா?" என்று கேட்டார். விற்பவர் கொடுத்த வழவழப்பான நோட்டீஸையும் நீட்டினார். அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெஷின் பொய்யில்லை. ஆனால் நோட்டீஸ் காட்டும் வீடு இந்த ஊர் வீடு இல்லை.

டிஹ்யூமிடிஃபையர் என்பது ஃப்ரிட்ஜின் உறவுக்காரன். காற்றை ஒரு குளிர்ந்த சுருளின் மேல் ஓட்டுகிறது, நீராவி அதில் தண்ணீராகப் படிந்து வடிகிறது. பிறகு அதே காற்றைச் சூடான சுருள் வழியே வெளியே விடுகிறது. வீடு முழுமைக்குமான பெரிய மாடல்கள் நாளைக்கு 45 லிட்டர் வரை எடுக்கும். அமெரிக்காவில் இவற்றை சென்ட்ரல் ஏ.சி.யின் டக்டோடு இணைப்பார்கள். அங்கே வீடு மூடிய பெட்டி. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50-க்குள் இருக்கட்டும் என்கிறது. பெட்டி மூடியிருந்தால் இது நடக்கும்.

நம் வீட்டில்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆயிரம் சதுர அடி, பத்தடி உயரம் என்றால் வீட்டுக்குள் சுமார் 283 கன மீட்டர் காற்று. 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டரில் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 50 சதவீதத்துக்கு இறக்க 9 கிராம் எடுக்க வேண்டும். மொத்தம் இரண்டரை லிட்டர்தான். இதைக் கேட்டதும் "பூ, இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் ஜன்னலும் வாசற்கதவும் திறந்த வீட்டில் காற்று ஒரு மணி நேரத்துக்கு ஐந்து முறை மாறுகிறது என்று வைத்தால், நாளைக்கு 300 லிட்டருக்கு மேல் இழுக்க வேண்டும். 45 லிட்டர் மெஷின் காவிரியைச் சொம்பால் இறைக்கிற கதைதான்.

சரி, எல்லாவற்றையும் சாத்திவிட்டால்? இங்கேதான் நோட்டீஸ் வாய் திறக்காத விஷயம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீராவி தண்ணீராகும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. நாளைக்கு 20 லிட்டர் எடுத்து, அதற்கு 10 யூனிட் மின்சாரம் செலவானால், மொத்தம் 23 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வீட்டுக்குள் இறங்கும். ஆயிரம் வாட் ஹீட்டரை ராத்திரி பகலாக ஓட விடுவதற்குச் சமம். திருச்சி வெயிலில் இதைச் செய்ய யாருக்கு மனசு வரும்? அப்புறம் அந்தச் சூட்டைத் தணிக்க ஏ.சி. போட வேண்டும். ஏ.சி.யோ தானே ஈரத்தையும் எடுக்கிறது. பின்பக்கக் குழாயில் சொட்டுகிற தண்ணீர் அதுதானே.

இன்னொன்று: திருச்சி சென்னை மாதிரி வருஷம் பூரா வியர்த்து ஊற்றும் ஊர் இல்லை. கோடையில் மத்தியானக் காற்று உலர்ந்தது, ஆடிக்காத்தும் அப்படித்தான். ஈரம் உறுத்துவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில். அப்போதும் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. விடிகாலையில் வெளியே 22 டிகிரி, 90 சதவீதம் என்று போன் காட்டலாம். அதே காற்று உள்ளே வந்து 28 டிகிரிக்குச் சூடானால் சுமார் 63 சதவீதமாகிவிடும். மழை நின்றதும் ஜன்னலைத் திறப்பது பல நாட்களில் மெஷினைவிட மேல்.

அப்படியானால் அத்தை வீட்டுச் சுவர் ஏன் பொரிகிறது? காற்றில் குற்றம் இல்லை, மண்ணில் இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு இது. பக்கத்தில் திருவானைக்காவில் கருவறையிலேயே நீர் ஊறுகிறது, அதனால்தான் அங்கே அப்பு லிங்கம். அந்த ஈரம் அஸ்திவாரத்துச் செங்கல் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறுகிறது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேலே டிபிசி என்கிற ஈரத்தடுப்பு இருக்காது. சந்தேகமிருந்தால் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம், பின்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம். அத்தை வீட்டில் பின்பக்கம்தான் நனைந்தது.

இப்படிப்பட்ட சுவருக்குப் பக்கத்தில் காற்றை உலர்த்தினால் சுவர் இன்னும் வேகமாக ஆவி விடும், கீழிருந்து இன்னும் தண்ணீர் ஏறும், கூடவே உப்பும் வரும். உப்பு பூச்சுக்குள் படிகமாகிப் பிளக்கும். சுவரைக் காப்பாற்ற வாங்கிய மெஷின் சுவரையே தின்ன ஆரம்பிக்கும். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட்டது, முற்றம் அதைக் காயவைத்தது. நாம் முற்றத்தை மூடி, காரையைச் சுரண்டி சிமெண்டும் பூசி, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்தோம். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறிவிட்டது.

தெருவுக்கும் இதில் பங்குண்டு. தாரின் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர, வீடு பள்ளமாகிறது, மழைத் தண்ணீர் சுவரடியிலேயே நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். அந்த ஒரு உத்தரவு தெருத் தெருவாக நடந்தாலே எத்தனையோ மெஷின்களுக்கு வேலை இருக்காது. ரங்கநாதர் கோயில் புதுப்பிப்புக்கு 2017-ல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைத்தபோது, பழைய வடிகாலையும் மழைநீர்ச் சேகரிப்பையும் மீட்டது சிறப்பாகப் பேசப்பட்டது. பெருமாள் வீட்டுக்கே முதல் மருந்து தண்ணீரை வடியவிடுவதுதான்.

மெஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓலைச்சுவடி, பழைய புத்தகம், வீணை, கேமரா லென்ஸ் இருக்கிற ஒரு சின்ன அறை, அதை இறுக்கச் சாத்த முடியும் என்றால், மழை மாதங்களில் ஒரு சின்ன டிஹ்யூமிடிஃபையர் நல்ல வேலை செய்யும். அத்திம்பேரின் மூச்சும் அலட்சியப்படுத்துகிற விஷயமில்லை. ஓதமும் பூஞ்சையும் ஆஸ்துமாவைக் கிளறும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டி போட்டது. அதனால்தான் தப்பான மருந்துக்குப் பணம் போகக் கூடாது என்கிறேன்.

கடைசியில் அவர்களிடம் சொன்னது இதுதான்: முதலில் வாசல் வடிகால். அடுத்து மூணு அடி வரை சிமெண்ட் பூச்சை உடைத்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார். அதுவரை அத்திம்பேர் கட்டில் மாடி அறையில். அத்தை கேட்டுவிட்டு, "சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனார் இன்னும் எங்கடா இருக்கான்?" என்றாள். மெஷினைவிட அதைத் தேடுவதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.