எஞ்சினின் நிறம்

மாதிரிக் கார் செய்கிறவர்களின் கலையைப் பற்றி நம் எழுத்தாளர்கள் யோசிப்பதில்லை. யோசித்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். யதார்த்தம் என்று நாம் கதையில் எதைத் தேடுகிறோமோ, அதையே அவர்கள் ஓர் அங்குல நீளமுள்ள எஞ்சினில் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1958 முதல் ஏ.எம்.டி. கம்பெனி 25-ல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கார்களைப் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றது. ஒட்டிச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே என்ன நிறம் தெரிய வேண்டும் என்பதில்தான் சண்டை. சண்டைக்கு நியாயம் உண்டு. ஷெவர்லே 1955-ல் கொண்டுவந்த வி-8 எஞ்சினுக்குச் செங்காவி ஓடிய ஆரஞ்சு வர்ணம். 1977-ல் அதே குடும்பத்து எஞ்சின் நீலமாகிவிட்டது. 1965-ம் வருஷத்து மஸ்டாங்கின் 289 கன அங்குல எஞ்சின் உடல் கறுப்பு, வால்வு மூடி பொன்னிறம். மறு வருஷம் ஃபோர்டு எல்லாவற்றுக்கும் நீலத்தை அடித்துவிட்டது. கிறைஸ்லரின் 426 ஹெமியும் ஆரஞ்சுதான். ஆனால் ஷெவர்லேயின் ஆரஞ்சு அல்ல. அதன் வால்வு மூடிகளோ சுருக்கம் விழுந்த கறுப்பு. வருஷத்தைத் தவறவிட்டால் கார் பொய்யாகிவிடும்.

பெட்டிக்காரர்கள் இந்தச் சிரத்தைக்கு உதவுவதில்லை. தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்த பாகத்துக்குக்கூட வெள்ளிபோல் முலாம் பூசிக் கொடுத்துவிடுவார்கள். பையன்களுக்கு மினுக்கு பிடிக்கும் அல்லவா? விஷயம் தெரிந்தவர் சலவைக்குப் போடும் பிளீச்சில் ஊறவைத்து முதலில் அந்த முலாமைப் போக்குகிறார். பிறகு வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்து, அதன்மேல் ஆரஞ்சை ஏற்றுகிறார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கின் மேல் நேராக அடித்தால் அதே பெயிண்ட் அழுதுவடியும். உலோகத் துகள் கலந்த வர்ணமானால் தொல்லை இன்னும் அதிகம். பெரிய எஞ்சினில் மினுமினுக்கும் துகள், சின்ன எஞ்சினில் கூழாங்கல்லாகத் தெரியும்.

இவ்வளவும் செய்து சரியான வர்ணத்தைப் பிடித்த பிறகும் பெரும்பாலான மாதிரிகளில் எனக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. காரணம், அவற்றின் சுத்தம். ஃப்ளின்ட் நகரத்து ஷெவர்லே தொழிற்சாலையில் எஞ்சினைப் பூட்டி முடித்த பிறகுதான் பெயிண்ட் பீச்சினார்கள். பக்கத்தில் இருந்த வார்ப்பிரும்புப் புகைக் குழாய்களிலும் ஆரஞ்சு தெறித்தது. கார் கொஞ்சம் ஓடியதும் அந்தத் தெறிப்பு சூட்டில் கருகி உதிர்ந்தது. பிறகு துரு ஏறியது. ஆகவே புதுக் காரின் எஞ்சின் ஒரு விதம், ஆறு மாதம் ஓடிய காரின் எஞ்சின் வேறு விதம். இரண்டும் நிஜம். மாதிரிக்காரர் காட்டுவதோ, மாசற்ற ஆரஞ்சு உடலும் மாசற்ற சாம்பல் குழாயும். அப்படி ஒரு நாள் அந்த எஞ்சினின் ஆயுளில் வந்ததே இல்லை.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? புதுப்பித்த பழைய கார்களைப் பார்த்து நகல் எடுப்பதிலிருந்து. புதுப்பிக்கிறவர் தம் காரைத் தொழிற்சாலை அனுப்பியதைவிட அழகாக்கிவிடுகிறார். ஒருவருடைய ஆசையை மற்றவர் அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறார். கார்வெட் கார்களைப் புதுப்பிப்பவர்கள் 1974-ல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம் இதில் கண்டிப்பானது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது கார் எப்படி இருந்ததோ அதுவே அங்கே அளவுகோல். மிஞ்சிய மினுக்குக்கு மார்க் குறையும். மாதிரிக்காரர்களும் அந்த அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பழைய எஞ்சினையும் சுரண்டி மறு பெயிண்ட் அடிக்கும்போது, அன்று பீச்சிய தொழிலாளியின் கைவாகு போய்விடுகிறது, திரும்ப வராது. தொடாத கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றைப் பார்த்து ஒருவர் சின்ன எஞ்சினில் அந்தத் தெறிப்பைப் பதிவு செய்தால், அவர் செய்தது ஒரு சரித்திர வேலை.

வர்ணம் இம்மி பிசகி, தெறிப்பு சரியாக விழுந்த மாதிரி ஒன்று. வர்ணம் அச்சாகப் பொருந்தி, தெறிப்பே இல்லாத மாதிரி ஒன்று. இரண்டையும் என் முன் வைத்தால் பரிசை முதலாவதற்கே கொடுப்பேன். நாவல்களுக்கும் நான் அப்படித்தான் மார்க் போடுகிறேன்.