நுண்ணொலிப் பதிவும் அதன் எதிர்காலமும்

இசையைப் பதிந்து வைக்கும் கருவிகள் திருந்துந்தோறும், எண் பெருகினால் இன்பமும் பெருகும் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றி வந்துளது. செக்கனுக்கு 96,000 அல்லது 192,000 மாதிரிகளையும் 24 பிற் நுணுக்கத்தையும் உடைய நுண்ணொலிப் பதிவுகளைப் பற்றி இன்று பேசப்படுவனவற்றுள் பெரும்பகுதி இவ்வெண்ணத்தின் மேலேயே எழுந்தது. இது எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டு, செக்கனுக்கு 44,100 மாதிரிகளையும் மாதிரியொன்றுக்கு 16 பிற் அளவையும் கொண்டது. இவ்வளவு மனம்போன போக்கிற் கொள்ளப்பட்டதன்று. ஓர் ஒலியிலுள்ள மிகவுயர்ந்த மீடிறனின் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் எடுப்பின், அவ்வொலியைக் குறைவின்றி மீட்கலாம் என்பது கணிதவியல் முடிபு. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையிலேயே கேட்கவல்லது. வயது ஏற ஏற அவ்வெல்லையும் குறுகும். 16 பிற் தரும் ஒலிவீச்சோ ஏறக்குறைய 96 தெசிபெல். ஆகவே, இறுவட்டின் அளவு செவியின் அளவை ஒட்டியே வகுக்கப்பட்டது என்க.

இதனை விஞ்சும் நோக்குடன் 1999இல் சுப்பர் ஓடியோ இறுவட்டும், 2000இல் டிவிடி ஓடியோவும் தோன்றின. இரண்டும் பழைய இறுவட்டை வீழ்த்தவில்லை. 2007இல் மேயர், மொறான் என்னும் இருவர், நுண்ணொலியை நேரேயும் இறுவட்டுத் தரத்துக்குக் குறைத்தும் கேட்பித்துச் சோதித்தனர். வழக்கமான ஒலியளவிற் கேட்டோர் வேறுபாடு காணாராயினர். 2016இல் றைஸ் என்பவர் 18 சோதனைகளைத் தொகுத்து நோக்கியபோது, சரியான விடைகள் நூற்றுக்கு 52 அளவினவாயிருந்தன. பயிற்சி பெற்றோரிடத்து அவ்வளவு குறிப்பிடத்தக்கவாறு உயர்ந்தது. வெறும் ஊகமே நூற்றுக்கு 50 தருமாதலின், வேறுபாடு அறவே இல்லையென்றல் மிகை. பெரிதென்றல் அதனினும் மிகை.

அங்ஙனமாயின் நுண்ணொலி பயனற்றதோ எனின், அன்று. அதன் உரிய இடம் வேறு. பாடகர் திடீரெனக் குரலை உயர்த்தினும் பதிவு சிதையாதிருக்கவும், பன்முறை திருத்துங்கால் நேரும் கணிப்புப் பிழைகள் செவிக்கு எட்டாதிருக்கவும், பதிவுக்கூடத்தில் 24 பிற் பெரிதும் வேண்டப்படும். பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் காக்கும் ஆவணக் காப்பகங்களுக்கு, அனைத்துலக ஒலி, ஒளிக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டி குறைந்தது 24 பிற், 48 கிலோஹேட்ஸ் அளவைப் பரிந்துரைக்கின்றது. மூலம் நாளும் தேய்கின்றது. எடுக்கும் படியே கடைசிப் படியாகவுங் கூடும். அங்கே சிக்கனம் அறிவுடைமையாகாது.

வாணிக உலகமும் ஏறத்தாழ இம்முடிபையே அடைந்துளது. 2014இல் அறிவிக்கப்பட்ட எம்கியூஏ என்னும் தனியுரிமை வடிவம் பெரும் ஆரவாரம் பெற்றது. 2023இல் அதன் நிறுவனம் நொடித்து வேறொருவர் கைக்கு மாறியது. 2001 முதல் எவர்க்கும் இலவசமாயுள்ள ஃபிளாக் வடிவமோ நிலைபெற்றுளது. 2021இல் அப்பிள் நிறுவனம் மேலதிகக் கட்டணமின்றியே நுண்ணொலியை வழங்கத் தொடங்கியது. இனி இது தனிச்சரக்காகவன்றி, எல்லார்க்கும் பொதுவான அடிப்படைத் தரமாகவே அமையும் எனலாம்.

இசைக்கு நேர்ந்த உண்மையான கேடு வேறோரிடத்து உளது. பிறர் பதிவினும் தம் பதிவு உரக்க ஒலித்தல் வேண்டுமென்னும் போட்டியால், மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள இடைவெளியை நசுக்கிவிடுகின்றனர். 2008இல் வெளிவந்த மெற்றாலிக்காக் குழுவினரின் ‘டெத் மக்னற்றிக்’ இதற்கெனவே கண்டிக்கப்பட்டது. அங்ஙனம் நசுங்கிய இசையை எந்த நுண்ணிய வடிவத்தில் இட்டு வைப்பினும் இழந்தது மீளாது. பாத்திரம் பொன்னாயினும் உள்ளிருப்பது நீர்த்த பாலே.

ஆதலின், பெற்றோர் பொருளைச் செலவிட்டுக் கருவி வாங்க விழையும் மாணவர், பெட்டியின்மேற் பொறித்த எண்ணைக் கண்டு மயங்கற்க. ஒரே பதிவை இருவகையிலும், ஒலியளவைச் சமமாக்கி, எது எதுவென அறியாது கேட்க. அவ்வழிச் செவி வேறுபாடு காணாதாயின், அப்பொருளை நல்ல இசையைக் கேட்டற்குச் செலவிடுதலே தக்கது.