கொடுத்துவிட்டுப் போக முடியாத பெட்டி

புதிய தலைமுறை கன்சோல் ஒன்று வந்ததும் எல்லோரும் கேட்பது, "வாங்கலாமா?" என்பதைத்தான். பதில் எண்களில் வரும். எத்தனை ஃப்ரேம், எத்தனை கே, எத்தனை டெராபைட். செட்டிநாட்டு வீடுகளில் பொருள் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: "நமக்கப்புறம் இது யாருக்கு?" கன்சோலிடமும் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் விலை. பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தது. டிஸ்க் போடுகிற மாடல் 49,990 ரூபாய். அடுத்த ஆண்டு நவம்பரில் அது 54,990 ஆனது. பழைய கன்சோல்களுக்கு வயசாக ஆக விலை இறங்கும்; இதற்கு ஏறியது. சோனியின் பெரிய கேம் ஒன்று 4,999 ரூபாய். பதினோரு கேம் வாங்கினால் இன்னொரு பெட்டியின் விலை.

"அம்புட்டுக் காசு கொடுத்து என்னத்தப்பா கண்டே?" என்று வீட்டில் ஆச்சி கேட்டால் என்ன சொல்வது? கண்டது உண்டு. நொடிக்கு 5.5 ஜிபி வாசிக்கிற எஸ்எஸ்டி, லோடிங் திரையைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. 'ராட்செட் அண்ட் க்ளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாடும்போது ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் போய் விழுகிறோம். அது நிஜமான சந்தோஷம். ஆனால் 2022இல் வந்த பெரிய பெயர்களைப் பாருங்கள். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்', 'கிரான் டூரிஸ்மோ 7', 'காட் ஆஃப் வார் ரக்னராக்' மூன்றுமே பிஎஸ்4இலும் ஓடின. இன்னும் கூர்மையான படம், இன்னும் வேகமான தொடக்கம், கூடவே அதே விளையாட்டு.

இந்தத் தலைமுறையில் நம் மொழியைத் தொட்டு வந்த கேம் எது என்று கேட்டால், 'வெண்பா'தான் முதலில் நினைவுக்கு வரும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸில் மட்டுமில்லை, 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சிலும் ஓடியது. மறு ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாய், அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம், அதில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகள். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதுதான் புதிர். பிறகு மகன் கவின் அதே எழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிற இடம் வருகிறது. அங்கே தொண்டை அடைக்க வைப்பதற்கு எந்த டெராஃப்ளாப்பும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் புத்தகம் கை மாறி வந்தது. அதனால்தான் கதையே இருக்கிறது. 'வெண்பா'வோ எனக்கு டவுன்லோடாகத்தான் கிடைத்தது. என் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு யாருக்குப் போகும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பங்காளிகளுக்குள் பாகம் பிரிந்தும், இடிபட்டும் போன வீடுகளின் சாமான்கள் அங்கே வந்து சேரும். மரச் செதுக்கல், எனாமல் பாத்திரம், பெல்ஜியக் கண்ணாடி. பல்லாங்குழி கிடைத்தால் இன்றைக்கும் சோழி போட்டு ஆடலாம். ஒரு குடும்பம் சிதறிய துக்கமும் அந்தத் தெருவில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பொருள் பிழைத்துக்கொள்கிறது. அடுத்த கைக்குப் போகிறது.

கன்சோல்கள் எதிர்த் திசையில் நடக்கின்றன. 2024 நவம்பரில் வெளியான பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே இல்லை. வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். (6 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் அது இந்தியாவுக்கு வரவில்லை என்பது வேறு கதை.) 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2இன் சில கேம்களில் கார்ட்ரிட்ஜ் வெறும் சாவி, கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். சாவியை நண்பனுக்குக் கொடுக்கலாம். பூட்டிய வீடு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அந்த வீட்டை இடிக்க மாட்டார்கள் என்று என்ன உறுதி? 3டிஎஸ், வீ யூ கடைகளை நிண்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியது. பிஎஸ்3 கடையை மூடுவதாக 2021இல் சோனி அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகே பின்வாங்கியது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவானதுதான். டிஜிட்டல் கடை இல்லையென்றால் 'வெண்பா' போன்ற சின்னக் கேம் டொராண்டோவிலிருந்து காரைக்குடிவரை வந்திருக்காது. டிஸ்க் அச்சடித்து, கப்பலேற்றி, கடைக்காரரைப் பிடித்து விற்க அந்தச் சின்னக் குழுவால் ஆகியிருக்குமா? அந்தக் கதவை மூடச் சொல்லவில்லை. உள்ளே வந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் உரிமை விற்றவனிடமே இருக்கக் கூடாது என்கிறேன்.

ஆகவே, புதிய தலைமுறை வாங்கத் தக்கதா? வேகத்துக்காக என்றால் அவசரமே இல்லை, பிஎஸ்4 இன்னும் செத்துவிடவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிஸ்க் போடுகிற பெட்டியாக வாங்குங்கள். ஆடி முடித்த டிஸ்கைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ கொடுங்கள். கொடுக்க முடிகிற பொருளைத்தான் நம்முடையது என்று சொல்ல முடியும், மற்றதெல்லாம் வாடகை.